ஆகாயத் தபாலும் வீட்டு விளக்கும்



சில காலத்துக்கு முன்னர் உயர்தர வகுப்பிலே பாலைத்திணை கற்பித்துக்கொண்டிருந்தேன். பொருள் தேடப் புறப்படும் தலைவன், அவன் கடக்கவேண்டிய அருஞ்சுரம், நீரற்ற வழி, ஆறலை கள்வர், காய்ந்த மரத்தில் அமர்ந்திருக்கும் பருந்து என்று அடுக்கிக்கொண்டு போனேன். மதிய உணவு முடிந்த வேளை. முன்வாங்கில் இருந்தவர்களே கொட்டாவி விட்டார்கள். அவர்களைத் தட்டியெழுப்பும் நோக்குடன், நூலை மூடிவைத்துவிட்டு ஒரு பிரெஞ்சு வானோடியின் கதையைச் சொன்னேன். இன்றைய பேச்சு அந்தக் கதையிலிருந்தும், கதை முடிந்தபின் ஒரு மாணவன் கேட்ட கேள்வியிலிருந்தும் பிறந்தது.

வானோடியின் பெயர் ஹென்றி கியோமே. 1930 ஆம் ஆண்டு யூன் மாதம் 13 ஆந் திகதி, சிலி நாட்டின் சந்தியாகோவிலிருந்து ஆர்ஜென்டீனாவின் மென்டோசாவுக்குத் தபாற்பைகளுடன் தனியாகப் புறப்பட்டார். இடையிலே நிற்பது அந்தீஸ் மலைத்தொடர். அதன் மிகவுயர்ந்த சிகரமான அக்கொன்காகுவா 6,961 மீற்றர் உயரமுடையது. யூன் எங்களுக்குக் கோடை. தென்னரைக்கோளத்தில் அது கடுங்குளிர் காலம். அவருடைய விமானம் ‘பொத்தேஸ் 25’ என்ற இரட்டைச் சிறகு விமானம். அதில் வானோடிக்கு மேலே கூரை இல்லை. முகத்திலே காற்றும் பனியும் நேராக அடிக்கும். அம்மலைத்தொடரை அவர் கடந்தது அன்று தொண்ணூற்றிரண்டாவது தடவை.

பசுபிக் சமுத்திரத்திலிருந்து வரும் காற்று மேற்குச் சரிவிலே ஏறி, முகட்டைத் தாண்டியதும் கிழக்குப் பக்கத்திலே அருவிபோல விழும். அந்த விழுகாற்றில் அகப்பட்ட சிறு விமானம், இயந்திரத்தை முழு வேகத்தில் ஓடவிட்டாலும், மூக்கை மேல்நோக்கிப் பிடித்தாலும், கீழேதான் போகும். கியோமேக்கு நேர்ந்ததும் அதுவே. முகிலுக்குள்ளே பல ஆயிரம் அடி கீழிறக்கப்பட்டு, லகூனா தியமாந்தே என்ற மலையேரியின் மேலே வந்து சேர்ந்தார். சுற்றிவர மலை, வெளியேற வழியில்லை. எரிபொருள் தீருமட்டும் ஏரியைச் சுற்றிச் சுற்றிப் பறந்தார். பின்னர் பனியிலே இறக்க முயன்றார். விமானம் குப்புறக் கவிழ்ந்தது.

இரண்டு நாள் புயல். விமானத்தின் கீழே பனியைக் குடைந்து, தபாற்பைகளைச் சுற்றிவைத்துக்கொண்டு கிடந்தார். புயல் ஓய்ந்ததும் நடக்கத் தொடங்கினார். கயிறில்லை, பனிக்கோடரி இல்லை, உணவும் இல்லாத நிலை. வீங்கிய பாதம் கொள்வதற்காகச் சப்பாத்தைக் கத்தியாற் கீறிக்கீறிப் பெருப்பித்தார். இருந்தால் நித்திரை வரும். நித்திரை வந்தால் சாவு வரும். ஆகவே இருக்காமல் நடந்தார்.

ஓரிடத்தில் விழுந்தார். எழும்ப மனமில்லை. உடல் மரத்துவிட்டதால் நோவும் இல்லை. பனியிலே முகம் குப்புறக் கிடந்தபடி, இனி முடிந்தது என்று அமைதியாகிவிட்டார். அப்போது மனைவி நொயெலின் நினைவு வருகிறது. அன்புப் பேச்சுகளோ முதற்சந்திப்போ நினைவில் வரவில்லை. ஆயுட்காப்புறுதிப் பத்திரம் வருகிறது. அந்தப் பணம் மனைவிக்குக் கிடைக்கும், அவள் வறுமைப்படமாட்டாள். ஆனால் உடல் அகப்படாவிட்டால், காணாமற்போனவர் இறந்தவரெனச் சட்டம் ஏற்க நான்கு ஆண்டுகள் செல்லும். தான் கிடப்பதோ சரிவு. கோடையிலே பனி உருகும்போது உடலும் சேற்றோடு சேர்ந்து எங்காவது பள்ளத்திலே போய்விடும். ஐம்பது மீற்றர் தூரத்திலே ஒரு பாறை தெரிகிறது. அதுவரை போய் அதிலே சாய்ந்து செத்தால், கோடையில் எவராவது கண்டெடுப்பார்கள்.

அதற்காக எழுந்தார். எழுந்தவர் பாறையுடன் நிற்கவில்லை. மேலும் இரண்டு இரவும் மூன்று பகலும் நடந்தார். யூன் 19 ஆந் திகதி ஓர் ஆற்றங்கரையிலே குடியானவக் குடும்பமொன்று அவரைக் கண்டது. அவ்வீட்டுச் சிறுவனுக்கு அப்போது பதினான்கு வயது.

இந்த இடத்திலே வகுப்பு முழுவதும் விழித்திருந்தது. எனக்கும் திருப்திதான். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். தகப்பனார் கடற்றொழிலாளி. அதிகம் பேசாத பிள்ளை. “சேர், அந்த ஏழு நாளும் அந்த மனுசி என்ன செய்துகொண்டிருந்தவ?” என்று கேட்டான்.

என்னிடம் விடை இல்லை. நான் படித்த நூலிலும் இல்லை.

அந்த நூலைப் பற்றிச் சொல்லவேண்டும். ‘குட்டி இளவரசன்’ என்ற சிறு நூலை நேயர்களிற் பலர் அறிந்திருப்பீர்கள். 1981 இலேயே தமிழில் வந்துவிட்டது. அதன் ஆசிரியர் அந்துவான் த செந்த் எக்சுபரியும் ஒரு வானோடியே. கியோமேயின் உற்ற தோழர். கியோமேயைத் தேடி ஐந்து நாட்கள் அந்த மலைகளுக்கிடையே பறந்தவர் அவர். குளிர்காலத்து அந்தீஸ் மனிதரைத் திருப்பித் தருவதில்லை என்று சொல்லி, மலைவழி அறிந்த கடத்தற்காரர்கூடத் தேடப்போக மறுத்துவிட்டார்களாம். அவர் 1939 இல் எழுதிய, ஆங்கிலத்திலே ‘காற்று, மணல், விண்மீன்கள்’ என்ற பொருள்படும் பெயரில் வந்த நூலிலேதான் மேற்சொன்ன கதை இருக்கிறது. அந்நூல் கியோமேக்கே காணிக்கையாக்கப்பட்டது.

நூலின் தொடக்கத்திலே எனக்கு மிகப் பிடித்த பகுதியொன்று உண்டு. முதன்முதலாகத் தபால் கொண்டு ஸ்பெயின் நாட்டின் மேலாகப் பறக்கவேண்டிய இளைஞர், முதல்நாள் இரவு கியோமேயிடம் பாடங்கேட்கப் போகிறார். தேசப்படம் விரிக்கப்படுகிறது. நாங்கள் வகுப்பிலே படிப்பிக்கும் புவியியல் அன்று. ஆறும் நகரமும் குடித்தொகையும் அங்கே பேசப்படவில்லை. குவாதிக்ஸ் என்னும் ஊருக்கருகே ஒரு வயலோரத்தில் நிற்கும் மூன்று தோடை மரங்கள். அவசரமாக இறங்கினால் அவற்றிலே மோதாதே. லோர்க்காவுக்கு அருகே ஒரு கமக்காரனும் மனைவியும் இருக்கிறார்கள், மறவாதே. மொத்ரிலுக்கு மேற்கே நல்ல புற்றரை போலத் தெரியும். புல்லுக்குள்ளே ஓர் ஓடை ஒளிந்திருக்கிறது. மலைச்சரிவிலே முப்பது செம்மறிகள் நிற்கும். இறங்குகிற நேரம் பார்த்துச் சில்லுகளுக்குள்ளே பாய்ந்து வரும். இயந்திரம் எந்த நேரமும் நின்றுபோகக்கூடிய அந்தக் காலத்திலே, ஆளில்லாப் புறநிலங்களின் மேலாகப் பறப்பவனுக்கு உயிர்காக்கும் அறிவு இதுதான். எங்கோ ஒரு மலையடியில் விளக்கேற்றிவைத்திருக்கும் கமக்காரனும் மனைவியும், தாம் அறியாமலே, மேலே போகிறவனுக்குக் கலங்கரை விளக்கக் காவலர் ஆகிவிடுகிறார்கள். வீட்டை விட்டுப் பறக்கிறவனுடைய மனதிலே இன்னொருவர் வீடு வழிகாட்டியாக நிற்கிறது.

மாணவனின் கேள்வியோடு அவருடைய மற்ற நூல்களையும் திரும்ப எடுத்தேன். 1931 இல் வெளிவந்து ‘பெமினா’ பரிசு பெற்ற ‘இரவுப் பறப்பு’ என்னும் நாவலை இரண்டாந்தடவை படித்தபோது, முன்பு கவனிக்காத ஒருத்தி அங்கே நிற்கக் கண்டேன்.

பத்தகோனியா, சிலி, பரகுவே ஆகிய மூன்று திசைகளிலிருந்தும் மூன்று தபால் விமானங்கள் இரவோடு இரவாகப் புவெனஸ் அயர்ஸ் நகருக்கு வரவேண்டும். அவை வந்ததும் ஐரோப்பியத் தபால் புறப்படும். இரவிலே ஏன் பறக்கவேண்டும்? பகலிலே புகையிரதத்தையும் கப்பலையும் முந்திப் பெற்ற நேரத்தை இரவிலே தரித்து நின்று இழந்தால், ஆகாயத் தபாலால் என்ன பயன்? இதுதான் நிர்வாகி ரிவியேரின் கணக்கு. கடினமான மனிதர். தவறு செய்தவனையும், தவறே செய்யாதவனையுங்கூடத் தண்டிப்பார். (அப்பாத்திரத்தின் மூலமாதிரியான டிடியே டோரா என்ற நிர்வாகிக்கே நாவல் காணிக்கையாக்கப்பட்டிருக்கிறது.) அன்றிரவு பத்தகோனிய விமானம் புயலிலே அகப்படுகிறது. வானோடி பபியேன், உடன் ஒரு வானொலி இயக்குநர். எரிபொருள் குறைகிறது. நேரம் போகிறது.

பபியேனுக்கு மணமாகி ஆறு வாரம். கணவன் எத்தனை மணிக்கு இறங்குவான், வீட்டுக்கு வர எவ்வளவு நேரமாகும் என்ற கணக்கு மனைவிக்குப் பாடம். நேரம் தாண்டியதும் தொலைபேசி எடுக்கிறாள். அலுவலகத்தார் ஒருவர் மாறி ஒருவராக மழுப்புகிறார்கள். கடைசியில் அவளே அலுவலகத்துக்கு வருகிறாள். எழுதுவினைஞர்கள் அவளைக் கண்டதும் கடதாசிகளுக்குள்ளே முகத்தைப் புதைக்கிறார்கள். இரைந்து அழவுமில்லை, ஏசவுமில்லை. அவள் வந்து நிற்பதே அங்குள்ளவர்களுக்குத் தாங்கமுடியாமல் இருக்கிறது. வீட்டிலே விளக்கு எரிகிறது, இரவுணவு ஆயத்தமாயிருக்கிறது. அந்த வீட்டின் நியாயமும் தன் கடமையின் நியாயமும் ஒன்றையொன்று வெல்லமுடியாத இரு நியாயங்கள் என்று ரிவியேர் உணர்கிறார். உணர்ந்தபின்னும் ஐரோப்பியத் தபாலை அனுப்பிவைக்கிறார்.

விமர்சகர்கள் இந்நாவலை வீரத்தின் காவியம் என்பார்கள். முன்னுரை எழுதிய ஆந்திரே ஜீத் என்ற பேரெழுத்தாளரும் கடமையின் மேன்மையையே எடுத்துப் பேசினார். நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு ஆசிரியர் ஒதுக்கியது சில பக்கங்களே. அவள் வந்தாள், நின்றாள், போனாள். போன பின் அந்த வீட்டிலே விளக்கை யார் அணைத்தார்கள்? நாவல் அதைப் பின்தொடரவில்லை.

எமது அகப்பாடல்களை இங்கே நினைக்காதிருக்க முடியவில்லை. தமிழாசிரியன் எதையெடுத்தாலும் சங்க இலக்கியத்திலே கொண்டுபோய் முடிப்பான் என்று நேயர்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டுக் கேளுங்கள். எங்கள் புலவர்கள் சுரத்திலே போகிறவனை மட்டும் பாடிவிட்டு விடவில்லை. இருத்தலுக்கென்று ஒரு திணையையே வைத்தார்கள். சுவரிலே நாட்கோடு இடுகிறவளுக்கும், பல்லி சொல்லுக்குக் காதுகொடுக்கிறவளுக்கும் பேச இடங்கொடுத்தார்கள். இன்னொன்றும் உண்டு: செலவழுங்குதல். புறப்பட்டவன் மனைவியின் துயர் கண்டு பயணத்தை நிறுத்துவது. ஆயினும் தொல்காப்பியர் இவ்விடத்திலே கண்டிப்பானவர். அப்படி நிற்பது போகாமல் விடுவதன்று, அவளை ஆற்றுவிப்பதற்கான தாமதமே என்கிறார். மாணவப் பருவத்தில் இது எனக்கு வெறும் இலக்கணமாகவே இருந்தது.

செந்த் எக்சுபரியின் வாழ்க்கையிலே அந்தச் சூத்திரம் அப்படியே நடந்திருக்கிறது. 1923 இலே, இருபத்துமூன்றாவது வயதை எட்டுமுன், பாரிசுக்கருகே லெ பூர்ஜே விமானநிலையத்தில் விமானம் விழுந்து அவருக்குத் தலையோடு பிளந்தது. அப்போது லூயிஸ் த வில்மொரன் என்ற பெண்ணுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தார். பறப்பதை விட்டால்தான் கலியாணம் என்பது பெண்வீட்டார் நிலை. விட்டார். அலுவலகத்திலே கணக்கெழுதினார். பின் ஊர்ஊராய்ப் பாரவூர்தி விற்றார். நிச்சயதார்த்தமோ அந்த ஆண்டிலேயே முறிந்துபோயிற்று. பெண்ணும் இல்லை, பறப்பும் இல்லை. 1926 இல் துலூஸ் நகரிலே தபால் விமானக் கம்பனியில் போய்ச் சேர்ந்தார். செலவு அழுங்கியது, பின்பு தொடர்ந்தது.

பெண்வீட்டார் பிழையா? எங்கள் வீடுகளிலே மாப்பிள்ளையின் உத்தியோகத்தை எப்படி விசாரிக்கிறோம் என்பதை நினைத்துப் பார்த்தால், அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

1935 டிசெம்பர் கடைசியிலே பாரிசிலிருந்து சைகோனுக்கு விரைவுப் பறப்புச் சாதனை செய்யப் புறப்பட்டார். கடன் கழுத்தை இறுக்கியிருந்தது. வென்றால் பெரும் பரிசுத்தொகை. பொருள்வயிற் பிரிவு என்று பெயரிட இதைவிட வேறென்ன வேண்டும்? லிபியப் பாலைநிலத்திலே விமானம் மணலிலே மோதியது. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் தண்ணீரில்லை. அவரும் இயந்திரவியலாளர் பிறெவோவும் நாட்கணக்காக நாவரண்டு அலைந்தனர். பிறெவோ அழுகிறார், தனக்காக அல்ல என்பது ஆசிரியருக்குப் புரிகிறது. அவருடைய சொந்த மனக்கண்ணிலும் தொப்பி விளிம்பின் கீழே மனைவியின் கண்கள் தோன்றுகின்றன. அவ்விடத்திலே ஒரு தலைகீழான எண்ணம் எழுகிறது. பாலையிலே நிற்கும் நாங்கள் அல்ல, வீட்டிலே காத்திருப்பவர்களே கப்பலுடைந்து கடலில் தத்தளிக்கிறார்கள். அவர்களைக் காப்பாற்றவே நாங்கள் நடக்கிறோம் என்கிறார். இறுதியில் பெதுயின் ஒருவர் தண்ணீர் கொடுத்து இருவரையும் காப்பாற்றினார்.

வாசித்தபோது, பின்வரிசை மாணவனுக்கு அரைவிடை கிடைத்துவிட்டதாக நினைத்தேன். அந்த ஏழு நாளும் நொயெல் என்ன செய்தாள்? மூழ்கிக்கொண்டிருந்தாள். பாறையை நோக்கி எழுந்து நடக்க கியோமேக்கு ஐம்பது மீற்றர் வழியாவது இருந்தது. அவளுக்கு அதுவும் இல்லை.

காப்புறுதிப் பத்திரத்தை நினைத்ததை, நெஞ்சிலே ஈரமில்லாத கணக்கு என்று என் நண்பர் ஒருவர் சொன்னார். நான் அப்படி எண்ணவில்லை. உடல் கிடையாத சாவு என்ன செய்யும் என்பதை எங்கள் ஊர்களிலே விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஒருவரைப் பற்றி ஏழாண்டுகள் கேள்விப்படாதிருந்தால், அவர் உயிரோடிருக்கிறார் என்று சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும் என்பது எமது நாட்டுச் சான்றுக் கட்டளைச் சட்டம். அந்த ஏழாண்டும் நெற்றியிலே பொட்டு வைப்பதா, அழிப்பதா என்று தெரியாமல் இருக்கும் பெண்ணின் வீட்டு வாசலை நாங்கள் கடந்து போயிருக்கிறோம். தன் உடல் கண்டெடுக்கப்பட வேண்டும் என்று ஒருவன் எழுந்து நடந்தான் என்றால், அந்த வாசலை அவன் பனியிலே கிடந்தபடியே கண்டுவிட்டான் என்றுதான் நான் பொருள்கொள்கிறேன்.

ஆனால், நேயர்களே, கதை அத்துடன் முடியவில்லை. அது எனக்கு மிகவும் கடினமான பகுதி. மனைவியை நினைத்து நடந்து மீண்ட கியோமே, உடல் தேறியதும் மறுபடியும் அதே மலைக்கு மேலே பறந்தார். அந்தீசை அவர் கடந்த தடவைகள் மொத்தம் 393 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். விபத்து தொண்ணூற்றிரண்டாவது பறப்பிலே. மிகுதியைக் கழித்துப் பாருங்கள்: முந்நூற்றொன்று. ஒவ்வொரு தடவையும் நொயெல் நேரங்கணித்துக் காத்திருந்திருப்பாள். இந்த மனிதருக்கு மனைவிமீது அன்பில்லை என்று சொல்ல எவருக்கும் துணிவு வராது. தொழிலை விட்டிருக்கலாம் என்று சொல்லவும் எனக்கு உரிமையில்லை. கடற்றொழிலாளியின் மகன் முன்னால் அதை எப்படிச் சொல்வேன்?

கியோமேயின் முடிவு 1940 நவம்பர் 27 இல் வந்தது. யுத்தகாலத்திலே சிரியா நோக்கி ஒரு பயணிகள் விமானத்தைச் செலுத்திப் போகையில், மத்தியதரைக் கடலின்மேல் சுட்டு வீழ்த்தப்பட்டார். பாறையைத் தேட அங்கே நிலமில்லை.

செந்த் எக்சுபரியின் மனைவி கொன்சுவேலோ, மற்றப் பெண்களைப் போல நாவலுக்குள்ளே மௌனமாக நின்றவர் அல்லர். 1931 இல் அவரை மணந்து, பிரிந்து, சேர்ந்து, சண்டையிட்டு, காத்திருந்து வாழ்ந்தவர். ‘குட்டி இளவரசனில்’ வரும், இருமித் தும்மி இளவரசனை அலைக்கழிக்கும் ரோசாவே அவர்தான் என்பார்கள். அவர் எழுதிவைத்த நினைவுகள், 1979 இல் அவர் இறந்து நீண்டகாலத்தின் பின், 2000 ஆம் ஆண்டிலேதான் நூலாக வந்தன. அதிலே வரும் கணவர் சரித்திர புருஷர் அல்லர்; வீட்டுக்கு வராதவர், வந்தாலும் நிலைகொள்ளாதவர், வேறு பெண்களிடம் போனவர், ஆயினும் அவளின்றி இருக்கமுடியாதவர். கொன்சுவேலோ கதைசொல்வதிலே வல்லவர். எல்லாவற்றையும் எழுத்துக்கு எழுத்து நம்பவேண்டியதில்லை. என்றாலும் தரையிலே நின்று ஆகாயத்தைப் பார்த்தவளின் பக்கத்தை எழுதியது அந்த நூல்.

1944 யூலை 31 ஆந் திகதி கொர்சிக்காத் தீவிலிருந்து வேவுப்படம் எடுக்கத் தனியாகப் பறந்துபோன செந்த் எக்சுபரி திரும்பவில்லை. கொன்சுவேலோ அப்போது நியூயோர்க்கிலே இருந்தார். விமானமும் அகப்படவில்லை, உடலும் அகப்படவில்லை. எங்கே விழுந்தது என்பதுகூட அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒருவருக்கும் தெரியாது. 1998 இல் மார்செய் கடலிலே மீனவர் ஒருவரின் வலையிலே வெள்ளிக் கைச்சங்கிலி ஒன்று அகப்பட்டது. பின்னர் அக்கடலடியிலிருந்து விமானத்தின் சிதைவுகளும் எடுக்கப்பட்டு, 2004 இல் அவருடையதுதான் என்று உறுதிசெய்யப்பட்டது.

இதை அந்த மாணவனுக்குச் சொன்னேன். வலையிலே வந்தது என்றதும் அவன் நிமிர்ந்து பார்த்தான். “சங்கிலியிலை என்ன எழுதியிருந்தது, சேர்?” என்றான். அவருடைய பெயர், அதனருகே அடைப்புக்குறிக்குள்ளே கொன்சுவேலோவின் பெயர், அதன் கீழே நியூயோர்க்கிலிருந்த பதிப்பகத்தின் முகவரி. வீட்டு முகவரி இல்லையா என்று கேட்டான். இல்லை என்றேன்.

கொன்சுவேலோ இறந்து அப்போது பத்தொன்பது ஆண்டுகள்.